முன்பக்கம் தூக்கிப்போடும் மோட்டார்ஹோம்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே வீடு கட்டிய வண்டி, வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் "முன்பக்கம் ரொம்பத் தூக்கிப்போடுது" என்று சொல்லிப் பாருங்கள். சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்துவிடும்: ஷாக்கை (ஷாக் அப்சார்பரை) மாத்துங்க. ஒருவர் கோனி கம்பெனி என்பார், இன்னொருவர் பில்ஸ்டைன் கம்பெனி என்பார், மூன்றாமவர் தன் வண்டியில் போட்டிருக்கும் ரப்பர் ஸ்பிரிங்கைக் குனிந்து காட்டுவார். வண்டி எவ்வளவு எடை, டயரில் எவ்வளவு காற்று என்று கேட்பவர் அபூர்வம். எனக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. எடை மேடையில் ஏற்றிப் பார்க்காத வண்டிக்கு எந்தப் பாகமும் வாங்கக் கூடாது. அந்தப் பிடிவாதம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. நாங்கள் ஹூஸ்டன் பக்கம் இருக்கிறோம். பழைய வண்டியாகத்தான் வாங்கினோம்: ஃபோர்டு எஃப்-53 சேஸியின் (எஞ்சினும் சக்கரமும் சேர்ந்த அடிச்சட்டத்தின்) மேல் கட்டிய, முகம் தட்டையான பெட்ரோல் மோட்டார்ஹோம். அமெரிக்காவில் இந்த வகையை கிளாஸ் ஏ என்கிறார்கள். மொத்தம் 20,500 பவுண்டு வரை, அதாவது சுமார் 9,300 கிலோ வரை, ஏற்றலாம் என்று தகட்டில் அடித்திருக்கிறது. சேஸியை மட்டும் ஃபோர்டு தரும். சமையலறை, கட்டில், குளியலறை எல்லாம் வைத்து வீட்டைக் கட்டுவது வேறு கம்பெனி. ஸ்பிரிங்கை வடிவமைத்தவருக்கு அதன் மேல் எந்த இடத்தில் ஃப்ரிட்ஜ் வரும், எந்தப் பக்கம் சோஃபா வரும் என்று தெரியாது. உச்ச எடையையும் தாங்க வேண்டுமே என்று கெட்டியாகவே போட்டுவிடுவார். முன்னாலும் பின்னாலும் லாரியில் இருப்பது போன்ற பட்டை ஸ்பிரிங்தான். முன் ஆக்சில் இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை ஒரே இரும்புக் கட்டை. கார் மாதிரி மிதந்து போகும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது.

ஓட்டுநர் உட்காரும் இடமும் ஒரு காரணம். கிளாஸ் ஏ வண்டியில் ஓட்டுநர் முன் சக்கரத்துக்கு மேலே, சொல்லப்போனால் அதற்கும் கொஞ்சம் முன்னால் உட்காருகிறார். டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து ஸ்பீடு பிரேக்கர் ஏறியவர்களுக்கு இது புரியும்; இங்கே அந்தக் கடைசி சீட் முன்னால் இருக்கிறது. அதே பள்ளம் நடுவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பாதிதான் தெரியும். அதனால் குலுக்கல் முழுவதையும் ஒழித்துவிடலாம் என்ற கனவை முதலிலேயே விட்டுவிட வேண்டும். எது சேஸியின் பிறவிக் குணம், எது வந்து சேர்ந்த நோய் என்று பிரிப்பதுதான் வேலை.

பிரிப்பதற்கு நல்ல ரோடு வேண்டும். எங்களுக்கு ஐ-10 நெடுஞ்சாலை இருக்கிறது. ஹூஸ்டனிலிருந்து கிழக்கே பியூமாண்ட் தாண்டி லூசியானாவுக்குள் போனால் கான்கிரீட், தார், மறுபடி கான்கிரீட் என்று மாறி மாறி வரும். லஃபாயெட்டுக்கும் பேட்டன் ரூஜுக்கும் நடுவே அச்சாஃபலாயா சதுப்பு நிலத்தின் மேல் 18 மைல் நீளப் பாலம். 1973-இல் திறந்தது. பாலம் முழுக்க வரிசையாக இணைப்புகள், ஒவ்வொன்றும் முன் சக்கரத்தில் ஒரு தட்டு. அந்தப் பாலத்தில்தான் என் மனைவி, "ஏங்க, இந்த வண்டில ஃபிளாஸ்க்லேர்ந்து டீ ஊத்துறது நடக்காத காரியம்" என்று முடிவாகச் சொன்னாள்.

அங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம். மணிக்கு 60 மைல் என்றால் நொடிக்கு 88 அடி. கான்கிரீட் பலகைகளின் இணைப்பு சுமார் 15 அடிக்கு ஒன்று என்று வைத்தால் நொடிக்கு ஆறு தட்டு வரும். வேகத்தை 45-க்குக் குறைத்தால் நாலரை. இது ரோட்டின் தாளம். சக்கரத்தின் தாளம் வேறு. என் வண்டியில் இருப்பது 245/70ஆர்19.5 டயர். விட்டம் 33 அங்குலம், சுற்றளவு எட்டரை அடிக்குக் கொஞ்சம் மேலே. 60 மைல் வேகத்தில் நொடிக்குப் பத்து முறை சுற்றும். டயர் வட்டம் குலைந்திருந்தாலோ, பாலன்ஸ் போயிருந்தாலோ, ரிம் நெளிந்திருந்தாலோ, அந்த நடுக்கம் நொடிக்குப் பத்து என்ற கணக்கில் வரும்; புதிதாகப் போட்ட வழவழப்பான தார் ரோட்டிலும் வரும். ஆகவே முதல் கேள்வி: நல்ல ரோட்டில் குலுக்கல் நிற்கிறதா? நின்றால் சக்கரத்தை விட்டுவிட்டு மேலே பார்க்கலாம். நிற்காவிட்டால் ஷாக்கில் எவ்வளவு காசு போட்டாலும் வீண்.

எங்கள் வண்டியில் நல்ல ரோடு வந்ததும் நின்றது. கோளாறு சுற்றும் பொருளில் இல்லை.

அடுத்தது, அடி எப்படி இருக்கிறது என்பது. "தூக்கிப்போடுகிறது" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் மூன்று நான்கு வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. சின்ன விரிசலுக்கும் சுருக்கென்று கையில் ஸ்டியரிங் வழியாக ஏறும் அடி ஒன்று. பள்ளம் தாண்டிய பிறகும் மூக்கு மேலும் கீழும் ஆடிக்கொண்டே வருவது இன்னொன்று. அது ஷாக் தேய்ந்ததன் அடையாளம். சின்ன மேடுபள்ளத்தில் எதுவும் தெரியாமல், பெரிய பள்ளத்தில் மட்டும் கட்டையால் அடித்த மாதிரி டங்கென்று சத்தம் வந்தால், ஸ்பிரிங்கின் பயணம் தீர்ந்து ஆக்சில் ரப்பர் தடுப்பில் போய் மோதுகிறது. காற்றடித்தால் ஒதுங்குவது, லாரி தாண்டும்போது இழுப்பது எல்லாம் வேறு அத்தியாயம். அதற்கும் குலுக்கலுக்கும் மருந்து ஒன்றல்ல. ஒதுங்குவதற்குப் போடும், வண்டி பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கும் கெட்டியான ஆன்ட்டி-ரோல் பார், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது குலுக்கலைக் கூட்டவே செய்யும்.

எங்களுடையதில் முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்திருந்தன. சுருக்கும் இருந்தது, டங்கும் இருந்தது. இரண்டுக்கும் ஒரே காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு என்று அப்போதே தோன்றியது.

சுருக்கிலிருந்து ஆரம்பித்தேன், அதாவது டயரிலிருந்து. ரோட்டுக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் முதல் ஸ்பிரிங் டயர்தான். அதன் விறைப்பு ஏறக்குறைய காற்றழுத்தத்தோடு சேர்ந்தே ஏறும். காலையில் வண்டி ஓடுவதற்கு முன்னால், டயர் ஆறியிருக்கும்போது, நல்ல கேஜை வைத்துப் பார்த்தேன். முன் டயர் இரண்டிலும் 110 பிஎஸ்ஐ. இது எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. இந்த அளவு டயரின் பக்கவாட்டில், ஜி என்ற எடை ரகத்துக்கு, 110 பிஎஸ்ஐ-யில் 4,540 பவுண்டு என்று அச்சடித்திருக்கும். வண்டியை எங்களுக்கு விற்கும் முன் காற்றுப் பிடித்த கடையில் அதைப் படித்து அப்படியே நிரப்பியிருக்கிறார்கள். அந்த எண், டயர் தாங்கக்கூடிய உச்ச எடைக்கு வேண்டிய அழுத்தம். அந்த எடை வண்டியில் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தகட்டில் முன் ஆக்சிலுக்கு உச்ச எடை 7,500 பவுண்டு, காற்று 85 பிஎஸ்ஐ என்று தெளிவாக இருந்தது.

இங்கேதான் எடை மேடை வருகிறது. அமெரிக்காவில் லாரிகள் நிற்கும் பெரிய பெட்ரோல் நிலையங்களில் கேட் ஸ்கேல் என்ற மஞ்சள் கறுப்புப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். மேடை மூன்று துண்டாக இருக்கும். முன் சக்கரம் முதல் துண்டில், பின் சக்கரம் இரண்டாவதில், கார் இழுத்து வந்தால் அது மூன்றாவதில். பொத்தானை அழுத்தினால் உள்ளே இருப்பவர் "முதல் தடவையா?" என்று கேட்பார். நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். சீட்டு உள்ளே போய் வாங்கிக்கொள்ளலாம். ஒரு வேளை வெளியே சாப்பிடும் செலவுதான். பயணத்துக்குப் போகும் நிலையிலேயே எடை போட வேண்டும் என்பது மட்டும் முக்கியம்: தண்ணீர், பெட்ரோல், அரிசி, பருப்பு, குக்கர், பிள்ளைகள் உட்பட. எங்கள் முன் ஆக்சில் 6,700 பவுண்டு காட்டியது. சுமார் 3,040 கிலோ. உச்சத்துக்கு இன்னும் 800 பவுண்டு இடம் இருக்கிறது.

ஆனால் கேட் ஸ்கேல் ஆக்சிலுக்குத்தான் கணக்குச் சொல்லும், சக்கரத்துக்குச் சொல்லாது. ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக எடை போட, டெக்ஸஸில் லிவிங்ஸ்டனில் எஸ்கேப்பீஸ் என்ற ஆர்வி (மோட்டார்ஹோம் மாதிரி வீட்டு வண்டி) சங்கத்தின் தலைமையகத்தில் ஏற்பாடு இருக்கிறது. ஹூஸ்டனிலிருந்து வடகிழக்கே ஒன்றேகால் மணி நேர ஓட்டம். அங்கே கிடைத்த எண்கள்: இடது முன் சக்கரம் 3,520, வலது 3,180. இடது பக்கம் 340 பவுண்டு கூடுதல். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. வெளியே நீளும் அறைப்பகுதி, சோஃபா, சாப்பாட்டு மேஜை, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஓட்டுநர் பக்கம்தான். அதோடு நானும் இருக்கிறேன்.

டயர் கம்பெனிகள் தரும் எடை அட்டவணையில், அதிக எடை உள்ள சக்கரத்தைப் பார்த்து, அதே அழுத்தத்தை அந்த ஆக்சிலின் இரண்டு பக்கமும் வைக்க வேண்டும். அட்டவணை எனக்கு 85-க்கும் குறைவாகவே கேட்டது. இருந்தாலும் நான் 85-இல் நிறுத்தினேன். தகட்டில் இருப்பதற்குக் கீழே போகலாமா கூடாதா என்று ஒரு பெரிய வாதமே நடக்கிறது. காற்று குறைந்த டயர் உள்ளுக்குள் சூடேறி வெடிக்கும் என்பதில் மட்டும் வாதம் இல்லை. டெக்ஸஸ் ஆகஸ்ட் வெயிலில் முன் டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று யோசித்தால், கொஞ்சம் கெட்டியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றும்.

110-லிருந்து 85-க்கு இறக்கியதும் சுருக்கென்ற அடி பெருமளவு போய்விட்டது. ஒரு பைசா செலவில்லை. ஸ்டியரிங்கில் கை மரத்துப்போவது நின்றது. இன்னொன்றும் பார்த்தேன்: டயரின் பக்கவாட்டில் டாட் என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நாலு எண்கள், எந்த ஆண்டின் எந்த வாரத்தில் செய்தது என்று சொல்லும். முன் டயர் இரண்டும் ஐந்து வருடம் தாண்டியவை. பட்டன் நன்றாக இருந்தது, ஆனால் மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து சாவதில்லை, வெயிலில் நின்றே கிழடாகிவிடுகிறது. ரப்பர் இறுகிய டயரும் கொஞ்சம் குலுக்கும். இப்போதைக்கு அதைக் குறித்து மட்டும் வைத்தேன்.

சரி, டங்கு சத்தம்? அது அப்படியே இருந்தது. பெட்ரோல் நிலையத்துக்குள் திரும்பும் மேட்டில், பாலம் ஆரம்பிக்கும் இடத்தில், ரயில்வே தண்டவாளத்தில். அதுவும் ஒரு விசித்திரத்தோடு. ஊரிலிருந்து கிளம்பும்போது குறைவாக, திரும்பி வரும்போது அதிகமாக. ரோடு அதேதான். இதற்கு விடை தண்ணீர்த் தொட்டியில் இருந்தது. என் வண்டியில் அது பின் ஆக்சிலுக்கும் பின்னால். அறுபது காலன் கொள்ளும். ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு, ஆக 500 பவுண்டு. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே 208 அங்குலம், பதினேழு அடிக்குக் கொஞ்சம் மேலே. பின் ஆக்சிலிலிருந்து ஐந்தடி பின்னால் 500 பவுண்டு வைத்தால், அது நெம்பி முன் ஆக்சிலிலிருந்து சுமார் 145 பவுண்டைத் தூக்கிவிடும். கிளம்பும்போது தொட்டி நிரம்பியிருக்கும், மூக்கு நிமிர்ந்திருக்கும். திரும்பும்போது தொட்டி காலி, மூக்கு இறங்கிவிடும். வெறும் 145 பவுண்டு வித்தியாசத்திலேயே டங்கு சத்தம் கூடுகிறது என்றால், ஸ்பிரிங் ஏற்கெனவே எல்லையில் நிற்கிறது என்று அர்த்தம்.

ஆக்சில் எங்கே மோதுகிறது என்று சந்தேகமறத் தெரிந்துகொள்ள ஒரு பழைய வழி இருக்கிறது. ஷாக்கின் தண்டு வெளியே தெரிந்தால் அதில் ஒரு பிளாஸ்டிக் டையை இறுக்கமாகக் கட்டி ஓட்டிவிட்டு, அது எவ்வளவு தூரம் தள்ளப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம். என் ஷாக்கில் தண்டை மூடிய உறை இருந்தது. அதனால் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணில் ஒரு உருண்டையை இரண்டு பக்க ரப்பர் தடுப்பிலும் ஒட்டிவைத்து, வழக்கமான வழியில் ஒரு சுற்று போய் வந்தேன். வலது பக்க உருண்டை உருண்டையாகவே இருந்தது. இடது பக்கம் அப்பளமாகியிருந்தது. சமதரையில் நிறுத்தி இடைவெளியை அளந்தால் வலது பக்கம் இரண்டேகால் அங்குலம், இடது பக்கம் ஒன்றரைக்கும் குறைவு.

340 பவுண்டு கூடுதலாக இருந்தால் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆனால் இந்தக் கெட்டி ஸ்பிரிங்குக்கு, சக்கரத்துக்கு 340 பவுண்டு வித்தியாசத்தில் முக்கால் அங்குலம் அதிகம் என்று பட்டது. எடையைப் போட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால் "இடது பக்கம் பாரம் அதிகம், அதான்" என்று சொல்லிப் போயிருக்கலாம்.

இந்த இடத்தில்தான் பலரும் தடம் மாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். வண்டி கடினமாக அடிக்கிறது, ஆகவே ஸ்பிரிங் கடினமாக இருக்கிறது, மென்மையானதாக மாற்ற வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் தளர்ந்து இறங்கிப்போன ஸ்பிரிங்தான் மிகக் கடினமாக அடிக்கும். அதன் பயணம் குறைந்துவிடுகிறது. அப்புறம் வண்டி ஸ்பிரிங்கில் நிற்பதில்லை, ரப்பர்க் கட்டையில் நிற்கிறது. மேலே கெட்டியான புது ஷாக் போட்டால் மோதல் கொஞ்சம் தாமதமாகலாம், ஆனால் நடுவில் வரும் சின்ன அடிகள் எல்லாம் கூடிவிடும். ஷாக் எடையைத் தாங்குவதில்லை. அதன் வேலை ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது மட்டும்.

நண்பர் ஒருவரின் பழைய ஷெவர்லே பி-30 சேஸி வண்டியில் இதையே வேறு வேஷத்தில் பார்த்திருக்கிறேன். அந்தச் சேஸியில் முன்னால் சுருள் ஸ்பிரிங், அந்தச் சுருளுக்குள்ளே ஒரு காற்றுப்பை. பை வெளியே தெரியாது. வண்டி மூன்றாவது நான்காவது கை மாறும்போது அப்படி ஒன்று இருப்பதே வாங்கியவருக்குத் தெரிவதில்லை. அவர் இரண்டு முறை ஷாக் மாற்றிவிட்டார், முன்பக்கம் கல்லாகவே இருந்தது. பையில் காற்று பூஜ்யம். ஒரு பை கிழிந்தே போயிருந்தது. வண்டி வருடக்கணக்காக ரப்பர்க் கட்டையில் ஓடியிருக்கிறது. பையை மாற்றிக் காற்றுப் பிடித்ததும் அவர் மனைவி வண்டியை விற்கும் பேச்சை நிறுத்தினார். டீசல் எஞ்சின் பின்னால் இருக்கும் பெரிய வண்டிகளில் முழுக்கக் காற்றுப்பைதான். அங்கே பையின் உயரத்தைத் தீர்மானிக்கும் வால்வின் கம்பி சற்றே நழுவியிருந்தாலும், பை அளவுக்கு மீறி உப்பியோ சப்பியோ நின்று அடிக்கும். டேப்பை எடுத்து, சேஸி கம்பெனி சொல்லும் இடத்தில் உயரத்தை அளந்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். சிறிய கிளாஸ் சி வண்டிகள் பெரும்பாலும் ஃபோர்டு இ-350, இ-450 மேல் வருபவை. அவற்றின் முன்னால் இரட்டை ஐ-பீம் என்ற அமைப்பு. ஸ்பிரிங் இறங்கினால் சக்கரமே சாய்ந்து டயரின் ஒரு ஓரம் தேயும். அதைப் பற்றி இன்னொரு நாள்.

என் வண்டிக்கு வருகிறேன். பட்டை ஸ்பிரிங் பாரத்தில் தட்டையாகும்போது நீளம் கூடும். அந்தக் கூடுதல் நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் ஒரு முனையில் ஷேக்கிள் என்ற ஊசலாடும் இணைப்பு இருக்கிறது. ஷேக்கிள் ஆடவில்லை என்றால் ஸ்பிரிங்குக்கு நீள இடமில்லை. அது வெறும் இரும்புக் கட்டையாகிவிடும். இதைப் பார்ப்பதற்கு வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சேஸியை ஜாக்கியால் மெதுவாகத் தூக்கி ஆக்சில் தொங்க விட்டு, பிறகு இறக்கி, ஷேக்கிள் எவ்வளவு சாய்கிறது என்று கவனித்தால் போதும். மோட்டார்ஹோமோடு வரும் லெவலிங் ஜாக்கிகளை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. அவை வண்டியைச் சமமாக நிறுத்துவதற்கு உள்ளவை. ஹைட்ராலிக் குழாய் ஒன்று விட்டுக்கொடுத்தால் ஒன்பது டன் மேலே வரும்.

வலது ஷேக்கிள் சீராக ஆடியது. இடது பக்கம் முதலில் அசையாமல் நின்று, பிறகு முனகிக்கொண்டு திடுமென்று நகர்ந்தது.

அதற்கு மேல் என் கையில் இல்லை. லாரி ஸ்பிரிங் மட்டும் பார்க்கும் பட்டறை ஒன்றுக்குப் போனேன். டெக்ஸஸில் இப்படிப்பட்ட பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. ஆர்வி என்றால் விலை ஏற்றாமல், இதுவும் ஒரு லாரி என்று பார்ப்பார்கள். எடைச் சீட்டையும் இடைவெளி அளவுகளையும் கொடுத்தேன். வயதான மெக்கானிக் அந்தச் சீட்டைத்தான் முதலில் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு அடியில் போய் விளக்கைக் காட்டிக் கூப்பிட்டார். இடது ஷேக்கிளின் ரப்பர் புஷ், அதாவது போல்ட்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையம், முறுக்கிக் கிழிந்து, உள்ளே இரும்பும் இரும்பும் துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது.

"முன்னாடி யாரோ புஷ் மாத்தியிருக்காங்க. வண்டியைத் தூக்கி வச்சு, ஆக்சில் தொங்கும்போதே போல்ட்டை முறுக்கிட்டாங்க" என்றார்.

இது எனக்குப் புது விஷயம், நேரில் பார்த்ததும் சட்டென்று விளங்கியது. ரப்பர் புஷ்ஷில் ரப்பர் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டியிருக்கும். போல்ட்டை முறுக்கியதும் அந்தக் குழாய் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஆட்டம் முழுவதும் ரப்பர் முறுக்கிக்கொள்வதில்தான் நடக்கிறது. ஆக்சில் தொங்கும் நிலையில் முறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கிய கணமே ரப்பர் ஒரு பக்கமாக முழுசாக முறுகிவிடுகிறது. சும்மா நிற்கும்போதே அது இழுவிசையில் இருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் கொஞ்சம் முறுகி, கடைசியில் கிழியும். சக்கரம் தரையில், வண்டியின் முழுப் பாரமும் ஸ்பிரிங்கில் இருக்கும்போதுதான் அந்தப் போல்ட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும். இடது பக்க ஸ்பிரிங் தானும் தளர்ந்திருந்தது. பட்டைகளுக்கு நடுவே துரு உப்பிப் பட்டையைப் பட்டை நகரவிடாமல் பிடித்திருந்தது. சின்ன அடிக்கு ஸ்பிரிங் அசையவே இல்லை. பெரிய அடிக்கு அசைந்தது, ஆனால் போக இடமில்லை.

ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்து உயரத்தைத் தூக்கலாமா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். "சேர்க்கலாம், உயரம் வரும். ஆனா நீங்க குலுக்குதுன்னுதானே வந்தீங்க?" கூடுதல் பட்டை என்றால் கூடுதல் விறைப்பு. என் எடைச் சீட்டில் முன் ஆக்சில் உச்சத்துக்கு 800 பவுண்டு கீழே இருக்கிறது. இருக்கிற விறைப்பே அதிகம்தான். பழைய அளவிலேயே புது ஸ்பிரிங் ஒரு ஜோடி, புது புஷ், ஸ்பிரிங்கை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் புது யூ போல்ட் என்று முடிவானது. ஒரு பக்கம் மட்டும் மாற்ற அவர் சம்மதிக்கவில்லை. யூ போல்ட்டைப் பழையதையே திரும்பப் போடுவதற்கும் சம்மதிக்கவில்லை. ஒருமுறை இழுத்து முறுக்கியது நீண்டிருக்கும், மறுபடி அதே பிடி வராது என்றார். செலவு ஆயிரம் டாலரைத் தாண்டியது. ஷாக் நாலும் வாங்கியிருந்தாலும் கிட்டத்தட்ட அந்தத் தொகைதான் ஆகியிருக்கும்.

வேலை முடிந்தபின் இடைவெளி இரண்டு பக்கமும் இரண்டு அங்குலத்துக்கு மேலே, கால் அங்குல வித்தியாசத்தில். அந்தக் கால் அங்குலம் ஃப்ரிட்ஜுக்கும் எனக்கும் உரியது. டங்கு சத்தம் பாதி நாளில் மறந்தே போனது. வேகமாக இறங்கினால் இப்போதும் கேட்கும், லாரி சேஸிதானே.

ஷாக்கை ஒதுக்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஸ்பிரிங் ஒழுங்காக ஆட ஆரம்பித்ததும் பழைய ஷாக்கின் பலவீனம் வெளியே தெரிந்தது. அதுவரை இறுகிக் கிடந்த ஸ்பிரிங்கை அடக்க அதற்கு வேலையே இருந்ததில்லை. பாலத்தில் ஏறி இறங்கினால் மூக்கு இரண்டு முறை கூடுதலாக ஆடியது. டயரில் கையை வைத்துத் தடவினால் மேடும் பள்ளமுமாகக் கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருந்தது லேசாகத் தெரிந்தது. அதற்கப்புறம்தான் முன் ஷாக் இரண்டையும் மாற்றினேன். கோனியில் எஃப்எஸ்டி என்று ஒரு வகை: வேகமாக வரும் சின்ன அடிக்கு எண்ணெய்க்குக் கூடுதல் வழி திறந்து மென்மையாகவும், வண்டி மொத்தமாக மிதக்கும் மெதுவான ஆட்டத்துக்கு இறுக்கமாகவும் நடந்துகொள்ளும் வால்வு உள்ளது. எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் துருப்பிடித்த ஸ்பிரிங்கின் மேல் இதை முதலில் போட்டிருந்தால், காசு கொடுத்தோமே என்பதற்காக நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்வதில்லை. குலுக்கல் என்று நாம் நினைப்பதில் பெரும் பங்கு சத்தம். அடுப்பின் இரும்புக் கட்டம், அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள், மசாலா டப்பா, மைக்ரோவேவுக்குள் சுழலும் கண்ணாடித் தட்டு எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு இணைப்பையும் பத்து மடங்காக்கிக் காட்டும். அடுப்புக் கட்டத்துக்குக் கீழே பழைய துண்டை மடித்து வைத்து, தட்டுகளுக்கு நடுவே துணி வைத்ததில், ஸ்பிரிங் மாற்றுவதற்கு முன்பே "இன்னிக்குப் பரவாயில்லையே" என்று மனைவி சொன்னாள். அன்றைக்கு வண்டியில் நான் வேறு எதையும் தொட்டிருக்கவில்லை. சோதனை ஓட்டத்துக்குப் போவதற்கு முன் பாத்திரங்களை இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் எதைக் கேட்கிறோம் என்றே தெரியாது.

இப்போது பாக்கி இருப்பது டயர். அடுத்த வருடம் முன் டயர் இரண்டும் மாற்ற வேண்டும். அதிக எடை தாங்கும் எச் ரகம் போடுங்கள் என்று கடைக்காரர் சொல்வார். எனக்கு அந்த எடை இல்லை, பக்கவாட்டு இன்னும் விறைப்பாக இருக்கும், ஜி-யே போதும். மாற்றி முடித்ததும் மறுபடி 110 நிரப்பித்தான் தருவார்கள். அதனால் ஸ்டியரிங் பக்கத்தில் 85 என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். யூ போல்ட்டை 500 மைல் ஓடியபின் ஒருமுறை மறுபடி முறுக்கிக்கொண்டு போகச் சொன்னார் மெக்கானிக். போனேன். எட்டு நட்டும் கொஞ்சம் கொஞ்சம் பிடித்தன. அவர் காசு வாங்கவில்லை.